கூடாரம் அடிக்கும் முன் உயரத்தைப் பாருங்கள்

கோடை விடுமுறை நெருங்கும்போதெல்லாம் இது நடக்கிறது. மலைநகரமான லேவுக்கு விமான டிக்கெட் போட்டாயிற்று, பாங்காங் ஏரிப் பக்கம் கூடாரமும் பதிவு செய்தாயிற்று, நாளை மறுநாள் புறப்பாடு. அதற்குப் பிறகுதான் என்னிடம் வருகிறார்கள். "டாக்டர், மலைநோய்க்கு அந்த டையமாக்ஸ் மாத்திரை மட்டும் எழுதிக் கொடுங்க, போதும்." இன்னும் சிலர் போய்த் திரும்பிய பிறகு வருகிறார்கள். ராத்திரி முழுக்கத் தலைவலி, வாந்தி, மூச்சு வாங்கியது என்கிறார்கள். உடனே கீழே இறங்கினீர்களா என்று கேட்டால், "விடியட்டும்னு இருந்துட்டோம்" என்பதுதான் பதில். அதைக் கேட்கும்போது எனக்குப் பதறுகிறது.

சந்தடியில்லாத மலையில் நான்கு நாள் இருக்க ஆசைப்படுவது நல்ல ஆசை. அந்தப் பக்கத்து ஹான்லே கிராமத்தின் இரவு வானத்தைப் பார்த்தவர்கள் அதை மறக்க மாட்டார்கள். ஆனால் சந்தடி இல்லாத இடத்தில் பெரிய ஆஸ்பத்திரியும் இருக்காது.

ஊட்டிக்குப் போன தெம்பு போதாது

ஊட்டி 2,240 மீட்டர். தொட்டபெட்டா உச்சியே 2,637தான். லே நகரமோ 3,500 மீட்டர். பாங்காங்கும் ஹான்லேயும் 4,200க்கு மேல், சோ மொரீரி ஏரி 4,500. ஏறக்குறைய 2,500 மீட்டருக்கு மேல் இரவு தங்கினாலே மலைநோய் வரலாம். லேயில் இழுக்கும் ஒரு மூச்சில், சென்னையில் கிடைக்கும் ஆக்சிஜனில் மூன்றில் இரண்டு பங்குதான் கிடைக்கும். உடல் அதற்குப் பழக நாள்கள் வேண்டும்.

நம்பிக்கைகளும் நிஜமும்

"நான் தினமும் ஜிம்முக்குப் போறவன், எனக்கு வராது." வரும். 1962 சீனப் போரையொட்டி அவசரமாக மலையேற்றப்பட்ட நம் படைவீரர்களில் மலைநோய் கண்ட 1,925 பேரைப் பற்றி ராணுவ மருத்துவர் இந்தர் சிங் குழுவினர் 1969இல் எழுதிய கட்டுரை இன்றும் மருத்துவ உலகில் பேசப்படுகிறது. அவர்களெல்லாம் கட்டுடல் கொண்டவர்கள். நல்ல உடற்கட்டு உள்ளவர் வேகமாக ஏறிவிடுகிறார், அதனாலேயே மாட்டிக்கொள்கிறார்.

"கற்பூரத்தைத் துணியில் முடிந்து மோந்தால் ஆக்சிஜன் ஏறும்." ஏறாது. மூக்கு குளிர்ந்து, மூச்சு நன்றாகப் போவதுபோல் தோன்றும், அவ்வளவுதான். ரத்தத்தில் எந்த மாற்றமும் இருக்காது. கற்பூரத்தைக் குழந்தை வாயில் போட்டுக்கொண்டால் வலிப்பே வரும். தயவுசெய்து அதைப் பையில் வைக்காதீர்கள். கையடக்க ஆக்சிஜன் டப்பாவும் சில நிமிடங்களுக்குத்தான் வரும், ஓர் இரவைத் தாண்ட அது உதவாது.

"குளிருக்கு ஒரு பெக் பிராந்தி, தூக்கத்துக்கு ஒரு மாத்திரை." இரண்டுமே தூக்கத்தில் மூச்சைக் குறைக்கும். ஆக்சிஜன் குறைவான இடத்தில் இதைவிடக் கெட்ட யோசனை வேறில்லை.

"ரோடு வழியாப் போனா உடம்பு தானாப் பழகிடும்." மணாலி 2,050 மீட்டர். அங்கிருந்து ஒரே நாளில் பைக்கில் போய் 4,290 மீட்டரில் இருக்கும் சர்ச்சுவில் கூடாரம் போட்டுப் படுப்பதில் எங்கே பழக்கம்? வழியில் ஜிஸ்பாவில் தங்கியே போக வேண்டும்.

இனி டையமாக்ஸ். அதன் மருந்துப்பெயர் அசிடசோலமைட். நல்ல மருந்து, ஏறும் முன்பே தொடங்கினால் உடல் பழகுவதைத் துரிதப்படுத்தும். ஆனால் அது கவசம் அல்ல. சிறுநீரகக் கோளாறு உள்ளவர், சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர், வேறு மாத்திரை சாப்பிடுபவர் பக்கத்து வீட்டுக்காரரின் சீட்டைக் காட்டி வாங்கி விழுங்குவதை என்னால் பொறுக்க முடியவில்லை. வாட்ஸ்அப்பில் வந்த அளவைப் பார்த்து டெக்ஸாமெத்தசோன் எடுத்துப் போகிறவர்களும் உண்டு. மருத்துவர் சொல்லாமல் எடுத்தால், நோயை மறைத்துக்கொண்டு மேலே ஏறத்தான் அது உதவும். இருமலுக்கு சிரப் குடித்துவிட்டுப் படுப்பது இன்னும் ஆபத்து, ஏனென்றால் அந்த இருமல் நுரையீரலில் நீர் கோப்பதன் முதல் அறிகுறியாக இருக்கலாம்.

எப்போது இறங்க வேண்டும்

உயரத்துக்குப் போனபின் தலைவலி, குமட்டல், பசியின்மை வந்தால் வேறு காரணம் தெரியும்வரை அது மலைநோய்தான். அதே இடத்தில் ஓய்வெடுங்கள், ஒரு மீட்டர்கூட மேலே ஏறாதீர்கள். நேர்கோட்டில் நடக்க முடியாமல் தள்ளாடினால், பேச்சு குழறினால், உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால் மூளை வீங்கவோ நுரையீரலில் நீர் கோக்கவோ தொடங்கிவிட்டது. நள்ளிரவானாலும் டிரைவரை எழுப்பி இறங்குங்கள்.

கூடாரத்துக்குள் அடுப்போ கரிக்கங்கோ வைத்துக் குளிர்காயவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது. அதனால் வரும் தலைவலியும் மலைநோய்த் தலைவலிபோலவே இருக்கும்.

பரிசோதனை

புறப்படும் முன் ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின் பார்த்துக்கொள்ளுங்கள். இதய நோயாளிகளுக்கு ஈசிஜி, எக்கோவும் வேண்டும்.

திட்டத்தை இப்படிப் போடுங்கள்

கெஞ்சிக் கேட்கிறேன், லேயில் இறங்கிய அன்றே ஊர் சுற்றாதீர்கள். மூன்று இரவு அங்கேயே தங்குங்கள். ஹான்லேதான் இலக்கு என்றால் வழியில் சுமார் 4,000 மீட்டரில் இருக்கும் சுமாதாங்கில் ஓர் இரவு, பிறகு ஹான்லே. மூவாயிரம் மீட்டருக்கு மேல் படுக்கும் இடம் ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் உயரக்கூடாது. பகலில் எந்தக் கணவாய்க்கும் ஏறி இறங்கலாம், இரவில் எங்கே தலை சாய்க்கிறோம் என்பதுதான் கணக்கு. இந்த இரவுகள் விடுமுறையில் அடங்காவிட்டால் ஹான்லேயை அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போடுங்கள், வயதான அப்பா அம்மாவையும் குழந்தைகளையும் அவசரத்தில் இழுத்துப் போகாதீர்கள். டிக்கெட் போடும் முன் ஒரு தடவை மருத்துவரைப் பாருங்கள். எத்தனை மீட்டரில் எத்தனை இரவு என்று எழுதிய ஒரு தாளோடு வாருங்கள்.