கன்றுக்குட்டியும் ரண ஜன்னியும்

மணப்பாறைக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் நிலமும் இரண்டு பசுக்களும் உண்டு. இதைப் பண்ணை என்று சொன்னால் வகுப்புத் தோழிகள் சிரிப்பார்கள். ஆனால் என் பள்ளிக் கட்டணமும் தம்பியின் புத்தகச் செலவும் அந்த இரண்டு பசுக்களின் மடியிலிருந்துதான் வருகின்றன. ஆதலால் ஒரு கன்று இறப்பது எங்கள் வீட்டில் சிறிய செய்தி அன்று.

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் எங்கள் செவலைப் பசு ஒரு கிடேரிக் கன்றை ஈன்றது. எருக்குழி ஓரத்திலேயே ஈன்றுவிட்டது. அறுந்த தொப்புள்கொடி மண்ணில் புரண்டது. அப்பாயி, தம் மாமியார் செய்ததைப் போலவே, சாம்பலைச் சாணத்தில் குழைத்து அதன்மேல் பூசினார். எட்டு நாள் கன்று துள்ளித் திரிந்தது. ஒன்பதாம் நாள் காலை, காம்பைப் பற்ற வாயைத் திறக்க முடியாமல் நின்றது. காதுகள் விறைத்திருந்தன. வால் கட்டை போல நீட்டிக்கொண்டிருந்தது. நான்கு கால்களையும் அகற்றி மரக்குதிரை போல நின்றது. கண்ணின் உள்மூலையிலிருந்து ஒரு சவ்வு வந்து பாதிக் கண்ணை மூடியிருந்தது. தம்பி வாளியைக் கீழே வைத்த ஓசைக்கே அதன் உடல் முழுவதும் வெட்டி இழுத்தது. கால்நடை மருத்துவர் பார்த்த உடனேயே, "ரண ஜன்னி" என்றார். டெட்டனஸ் என்று நாம் அறிந்ததும் வில்வாதம் என்று புத்தகங்களில் காண்பதும் இதுவே. இரண்டு நாள் ஊசி போட்டும் மூன்றாம் நாள் கன்று இறந்துவிட்டது.

டாக்டர் ஊசி போட்டும் அது ஏன் பிழைக்கவில்லை? இக்கேள்வி என்னை விடவில்லை. அறிவியல் ஆசிரியையிடமும் டாக்டரிடமும் கேட்டு அறிந்ததை இங்கே எழுதுகிறேன்.

இந்நோயை உண்டாக்கும் கிருமியின் பெயர் கிளாஸ்ட்ரிடியம் டெட்டனை. அது வெளியூரிலிருந்து வருவதன்று. நம் காலடி மண்ணிலும் மாட்டுச் சாணத்திலும் குதிரை லத்தியிலும் இருப்பது. காலம் சரியில்லாதபோது அது ஒரு தடித்த உறைக்குள் வித்தாகச் சுருண்டுகொள்ளும். அந்த வித்து வெயிலுக்கும் வறட்சிக்கும் அஞ்சாது. பல ஆண்டுகள் மண்ணில் கிடக்கும். சிறிது நேரம் கொதிநீரில் போட்டாலும் சாகாது. இந்தப் பிடிவாதத்தைத் தமக்குச் சாதகமாக்கிக்கொண்டவர் ஜப்பானிய அறிஞர் கிட்டசாட்டோ. 1889ஆம் ஆண்டு பெர்லினில் அவர் பல கிருமிகள் கலந்த சீழை 80 டிகிரிக்குச் சூடாக்கினார். மற்றவை மடிந்தன, இதன் வித்துகள் மட்டும் எஞ்சின. அவற்றைக் காற்றுப் படாமல் ஹைட்ரஜன் வாயுவில் வளர்த்துக் கிருமியைத் தனியே பிரித்தெடுத்தார்.

காற்றுப் படாமல் என்பதைக் கவனியுங்கள். இக்கிருமிக்கு ஆக்சிஜன் ஆகாது. ஆகவே திறந்த பெரிய காயத்தைவிட, மேலே மூடி உள்ளே அழுகும் சிறு காயமே அதற்கு ஏற்ற இடம். கன்றின் தொப்புள்கொடி அப்படிப்பட்ட ஒரு குழாய். அதன் வாயில் சாணத்தைப் பூசுவது வித்தை விதைத்து மண் அணைப்பதற்குச் சமம். அப்பாயியைக் குறை கூற இதை எழுதவில்லை. ரத்தம் நிற்க வேண்டும், ஈ மொய்க்கக்கூடாது என்றுதான் அவர் பூசினார்.

உள்ளே வளரும் கிருமி ஒரு நஞ்சைச் சுரக்கிறது. நஞ்சு நரம்பு வழியாக ஏறித் தண்டுவடத்தை அடைகிறது. தசையை இறுக்கும் நரம்புகளை அடக்கிவைக்கத் தண்டுவடத்தில் வேறு நரம்புகள் உண்டு. நஞ்சு அந்த அடக்கும் நரம்புகளின் செயலை நிறுத்திவிடுகிறது. மூக்கணாங்கயிறு அறுந்த காளையைப் போலத் தசைகள் இறுகிக்கொண்டே போகின்றன. மூச்சு விடும் தசைகளும் இறுகும்போது உயிர் போகிறது. டாக்டர் போட்ட மருந்து ரத்தத்தில் ஓடும் நஞ்சை மட்டுமே முறிக்கும்; நரம்பில் பற்றிக்கொண்ட நஞ்சைப் பிரிக்காது. காயம் பட்டு ஒன்று முதல் மூன்று வாரங்களில் பெரும்பாலும் குறிகள் தோன்றுகின்றன. அவற்றை நாம் காணும்போது நஞ்சு நரம்பை அடைந்துவிட்டது என்று பொருள். என் கேள்விக்கு விடை இதுதான்.

ஆதலால் வேலை எல்லாம் கன்று பிறக்கும் முன்பும் பிறந்த சில மணி நேரத்திலும் இருக்கிறது. ஈனும் இடம் எருக்குழிக்கு அருகில் இருக்கக்கூடாது. உலர்ந்த புது வைக்கோல் பரப்ப வேண்டும். தொப்புள்கொடி தானே அறுந்துவிடும். நீளமாகத் தொங்கினால் வயிற்றிலிருந்து இரண்டு அங்குலம் விட்டு, டிங்சர் அயோடினில் ஊறிய நூலால் கட்டி, புது பிளேடால் நறுக்க வேண்டும். பிறகு ஒரு சிறு கிண்ணத்தில் டிங்சர் அயோடினை ஊற்றிக் கொடி முழுவதும் அதில் முங்கும்படி பிடிக்க வேண்டும். பஞ்சால் தொட்டு வைப்பது போதாது. கொடி உலரும் வரை இரண்டு மூன்று நாள், காலையும் மாலையும் இதைச் செய்ய வேண்டும்.

எங்கள் வீட்டில் பெரிய வாக்குவாதம் நடந்தது சீம்பாலைப் பற்றித்தான். நஞ்சுக்கொடி விழுமுன் கன்றை ஊட்டவிட்டால் மாட்டுக்கு ஆகாது என்பது அப்பாயியின் உறுதி. ஊரில் பலரும் அப்படியே நம்புகிறார்கள். டாக்டரோ நேர்மாறாகச் சொன்னார். கன்று ஊட்டும்போது மாட்டின் கருப்பை சுருங்குகிறது. அதனால் நஞ்சுக்கொடி விழுவதும் எளிதாகும். கன்றுக்கும் காத்திருக்க நேரமில்லை. மனிதக் குழந்தைக்குத் தாயின் எதிர்ப்புச் சக்தி கருப்பையிலேயே கிடைத்துவிடுகிறது. கர்ப்பிணிகளுக்கு இந்நோய்க்கான ஊசி போடுவதும் சுத்தமான பிரசவமும் சேர்ந்துதான், பிறந்த குழந்தைகளின் ரண ஜன்னியை இந்தியா ஒழித்துவிட்டது என்று 2015ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனம் அறிவிக்க முடிந்தது. பசுவின் கருப்பையில் அந்த வழி அடைபட்டிருக்கிறது. கன்று வெறுங்கையோடு பிறக்கிறது. தாயின் எதிர்ப்புச் சக்தி சீம்பாலில்தான் வருகிறது. அதை அப்படியே உறிஞ்சும் ஆற்றல் கன்றின் குடலுக்கு ஏறத்தாழ ஒரு நாள் மட்டுமே உண்டு, அதுவும் மணிக்கு மணி குறைந்துகொண்டே போகும். 25 கிலோ கன்றுக்கு முதல் நாளில் இரண்டரை லிட்டர் சீம்பால் வேண்டும். அதில் பாதியை முதல் இரண்டு மணி நேரத்திற்குள் கொடுத்துவிட வேண்டும்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. தாய்க்கே ரண ஜன்னிக்கு எதிர்ப்புச் சக்தி இல்லாவிட்டால் சீம்பாலில் அது எங்கிருந்து வரும்? எனவே சினைப் பசுவுக்கு டாக்ஸாய்டு ஊசி வேண்டும். கோமாரிக்குப் போடுவது போல ஊர் முழுவதும் வந்து இதைப் போடுவதில்லை. நாம்தான் டாக்டரிடம் கேட்க வேண்டும்.

பிறகு வரும் காயங்களையும் மறக்கலாகாது. காதில் பன்னிரண்டு இலக்க எண்ணுள்ள தோடு போடுவது, கொம்புக் குருத்தைச் சுடுவது, மூக்குக் குத்துவது, காயடிப்பது யாவும் காயங்களே. காயடிப்பதற்கு முன் தடுப்பு ஊசி உண்டா என்று டாக்டரைக் கேட்பது நல்லது. ரப்பர் வளையம் மாட்டினால் வளையத்திற்குக் கீழே தசை காற்றின்றி அழுகும். கிருமிக்கு அது கொண்டாட்டம். பர்டிஸோ இடுக்கி தோலை அறுக்காமல் உள்ளே விந்துக் கொடியையும் அதன் ரத்தக் குழாய்களையும் நசுக்குகிறது. அதனால்தான் நம் பக்கத்து மருந்தகங்களில் அதையே பயன்படுத்துகிறார்கள்.

இந்த ஆண்டு செவலைக்குச் சினை ஏழாம் மாதத்தில் ஓர் ஊசியும் அடுத்த மாதம் மற்றோர் ஊசியும் போட்டோம். ஆவணியில் ஓர் இரவு பதினொரு மணிக்கு அது காளைக்கன்று ஈன்றது. அப்பா கன்றைப் பிடித்தார். கிண்ணத்தை நான் பிடித்தேன். என் கையெல்லாம் அயோடின் பட்டுப் பழுப்பாகி, மறுநாள் வகுப்பில் மருதாணியா என்று கேட்டார்கள். நஞ்சுக்கொடி விழுமுன்னே சீம்பாலும் ஊட்டியாயிற்று. அப்பாயி ஒன்றும் பேசாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். விடியற்காலையில் நஞ்சுக்கொடி விழுந்தது. அதை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டச் சொன்னார். அப்பா மறுப்பின்றிக் கட்டிவிட்டு வந்தார்.

ஒன்பதாம் நாள் காலையில் நான் எழுவதற்கு முன்பே அப்பாயி தொழுவத்தில் இருந்தார். கன்றின் வாயில் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லா சப்புதுடி" என்றார். மூன்று வாரம் வரை தினமும் அப்படியே பார்த்தார். இருபத்திரண்டாம் நாள் அது கயிற்றை உருவிக்கொண்டு போய் அவருடைய கீரைப் பாத்தியை மிதித்துத் துவைத்துவிட்டது.