பள்ளி மோட்டார் எரிந்தால் யாரைக் கேட்பது?

குறுவைக்கு நாற்றங்கால் தயாராகும் ஜூன் மாதத்தில்தான் பள்ளிக்கூடமும் திறக்கிறது. விதைநெல், உழவுக் கூலி, அடியுரம் என்று கையில் இருக்கும் காசு வயலுக்கே போதாத நேரம் அது. அப்போதுதான் பள்ளிக் கட்டணமும் வேன் வாடகையும் வந்து நிற்கும். சாகுபடிச் செலவை நோட்டுப் போட்டு எழுதும் விவசாயிகள்கூட இந்தச் செலவை அதில் எழுதுவதில்லை. ஆனால் கூட்டுறவு சங்கத்தில் அடகு வைக்கும் நகையில் ஒரு பங்கு இதற்குத்தான் போகிறது என்பது டெல்டா கிராமங்களில் எல்லோருக்கும் தெரிந்த கதை.

அப்படி ஒரு ஜூன் மாத ஞாயிற்றுக்கிழமையில், டெல்டாவின் சிறுநகரம் ஒன்றில் உள்ள சேவைச் சங்கம், அரசுப் பள்ளிகளைப் பற்றிப் பேச ஒரு கூட்டம் ஏற்பாடு செய்திருந்தது. 1905-ல் சிகாகோவில் தொடங்கிய ரோட்டரி, 1917-ல் தொடங்கிய லயன்ஸ் போன்ற சங்கங்கள் நம் ஊர்களுக்கு வந்து பல தலைமுறை ஆகிவிட்டது. கண் சிகிச்சை முகாம், ரத்த தானம், பள்ளிக்குச் சுண்ணாம்பு அடித்துக் கொடுத்து வாசலில் பெயர்ப் பலகை வைப்பது ஆகியவைதான் அவர்களின் வழக்கமான வேலைகள். இந்த முறை பொருள் எதுவும் கொடுக்கவில்லை. ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளில் முப்பது வருடங்களுக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு தலைமையாசிரியையைப் பேச அழைத்திருந்தார்கள். சுற்றுக் கிராமங்களுக்கும் சொல்லி அனுப்பியிருந்ததால் கடைக்காரர்களோடு விவசாயிகளும் விவசாயத் தொழிலாளர்களும் வந்திருந்தனர்.

டீச்சர் நீளமாக முன்னுரை சொல்லவில்லை. “உங்க ஊர் பள்ளி மேலாண்மைக் குழுவுக்குத் தலைவர் யாருன்னு தெரிஞ்சவங்க கை தூக்குங்க” என்றார். மண்டபத்தில் சத்தமே இல்லை. கடைசி வரிசையில் இருந்து ஒரு பெண் மட்டும் தயங்கி எழுந்தார். “எங்க ஊருக்கு நான்தான் டீச்சர். கையெழுத்துப் போடச் சொன்னா போடுவேன். வேற ஒண்ணும் தெரியாது.”

நூறு நாள் வேலைக்கும் நடவுக்கும் போகிறவர் அவர். அவருடைய ஊர்ப் பள்ளியில் 17 பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள். கழிவறைக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் எரிந்து இரண்டு மாதம் ஆகிறது. பெரிய பெண் பிள்ளைகள் வீட்டுக்கு ஓடி வந்துவிட்டுத் திரும்பிப் போகிறார்கள். இதைப் பார்த்து மூன்று குடும்பங்கள் பிள்ளைகளை நகரத்துப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டன. “யார்கிட்டப் போய்க் கேக்கறது டீச்சர்?” என்றார்.

அதற்குப் பிறகு அந்தக் கூட்டம் பெரும்பாலும் இந்தக் கேள்வியைச் சுற்றியே நடந்தது. வயலில் மோட்டார் எரிந்தால் அன்றைக்கே காயில் கட்டக் கொண்டு போகிற ஊர் அது. பள்ளி மோட்டார் இரண்டு மாதம் கிடக்கிறது என்றால், அதை யாரும் தன் மோட்டாராக நினைக்கவில்லை என்றுதான் அர்த்தம்.

2009-ல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டப்படி, அரசுப் பள்ளி ஒவ்வொன்றிலும் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அதன் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். பள்ளி நடப்பதைக் கவனிப்பது, வரும் நிதி எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பது, பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பது எல்லாம் குழுவின் வேலை. ஐந்தாம் வகுப்பு வரை உள்ள பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. “17 பிள்ளைதானேன்னு யாரும் ஒரு டீச்சரை எடுக்க வந்தா, இதைச் சொல்லுங்கம்மா” என்றார் டீச்சர்.

முன் வரிசையில் இருந்த மோட்டார் மெக்கானிக் ஒருவர் எழுந்து, காயில் கட்டும் கூலி வேண்டாம், தானே சரி செய்து தருவதாகச் சொன்னார். கைதட்டல் பலமாக இருந்தது. சங்கத்தார் தொடுதிரைப் பலகை ஒன்றும் வாங்கித் தருவதாக அறிவித்தனர். டீச்சர் இரண்டுக்கும் நன்றி சொன்னார், ஆனால் விடவில்லை. “தம்பி, நீங்க கட்டிக் கொடுங்க. ஆனா அடுத்த வருஷமும் எரியும். அதனால குழுக் கூட்டத்துல தீர்மானமா எழுதி, நகலை வட்டாரக் கல்வி அலுவலருக்கும் ஊராட்சிக்கும் கொடுக்கணும். கொடுத்ததுக்குக் கையெழுத்து வாங்கி வெச்சுக்கணும். கிராம சபையிலயும் அதையே பேசணும். பலகை அப்புறம் வரட்டும், முதல்ல தண்ணி வரட்டும்.”

உதவி செய்ய வருகிறவர்கள் பலருக்கு இது உறைப்பதில்லை. பளபளப்பான பொருளைக் கொடுத்துப் படம் எடுப்பது சுலபம். கழிவறைக் குழாயைப் படம் எடுக்க யாருக்கும் ஆசை வராது.

ஊரார் பள்ளிக்குக் கொடுப்பது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 1956-ல் காமராசர் முதல்வராக இருந்தபோது மதிய உணவுத் திட்டம் வந்தது. அதில் ஊராரின் பங்கும் இருந்தது. கல்வி இயக்குநர் நெ.து.சுந்தரவடிவேலு 1958 முதல் நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர் மக்கள் கட்டடம், பெஞ்சு, கடிகாரம், சமையல் பாத்திரம் என்று கொடுத்தார்கள். இன்னும் சில பள்ளிகளில் அந்தத் தலைமுறை கொடுத்த மனையில்தான் வகுப்பு நடக்கிறது. கொடுத்தவரின் பேரப்பிள்ளை அந்த வாசலைத் தாண்டி வேனில் போகிறது.

போவதற்குக் காரணம் இல்லாமலும் இல்லை. நகையை அடகு வைத்து மகனைத் தனியார் பள்ளியில் சேர்த்த விவசாயி ஒருவர் கோபமாகவே பேசினார். “மூணாவது படிக்கிறப்ப தமிழே சரியா வாசிக்கலீங்க. அப்பறம் எப்படி நம்பி விடறது?” டீச்சர் மழுப்பவில்லை. ஐந்து வகுப்பை இருவர் நடத்தும் பள்ளியில் சில பிள்ளைகள் பின்தங்கத்தான் செய்வார்கள் என்று ஒப்புக்கொண்டார். “அதுக்குத்தாண்ணே வீட்டுல சோதிச்சுப் பார்க்கச் சொல்றேன். உர மூட்டையில தமிழ்ல அச்சடிச்சிருக்கிறதை வாசிக்கச் சொல்லுங்க. தடுமாறினா மறுநாளே பள்ளிக்கு வந்து கேளுங்க. தனியார் பள்ளியில விட்டாலும் இந்தச் சோதனையைப் பண்ணுங்க.” கடைசி வரியைச் சொன்னபோது சிரிப்பு எழுந்தது. கேட்டவர் சிரிக்கவில்லை.

விவசாயக் குடும்பங்கள் அதிகம் தவறவிடும் விஷயம் ஒன்றையும் அவர் சொன்னார். ஆறாம் வகுப்பில் பள்ளியை மாற்றும் முன் யோசிக்க வேண்டும். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-ல் வந்தது. 2021 முதல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் உண்டு. இதில் சேருவோரின் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. அதே ஏழு வகுப்புகளை அரசுப் பள்ளியில் முடித்த பெண்களுக்கு, உயர்கல்வி படிக்கும்போது மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022-ல் தொடங்கியது. மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024-ல் வந்தது. ஏழிலும் எட்டிலும் தனியாரில் விட்டுவிட்டு, ஒன்பதில் பணம் கட்ட முடியாமல் அரசுப் பள்ளிக்குத் திரும்பும் குடும்பங்கள் செலவும் செய்துவிட்டு, பெரும்பாலும் இந்தச் சலுகைகளையும் இழந்து நிற்கின்றன. வேளாண் பட்டம் படிக்க நினைக்கும் பிள்ளைக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. சில அரசு மேல்நிலைப் பள்ளிகளில் வேளாண் அறிவியல் தொழிற்கல்விப் பிரிவு உண்டு. பத்தாம் வகுப்பு முடிந்ததும் விசாரிக்கலாம்.

பிள்ளைகள் குறைந்துகொண்டே போனால் என்ன ஆகும் என்று யாரோ கேட்டார்கள். 2019-ல் தமிழ்நாட்டில் ஒரு பிள்ளைகூட இல்லாமல் போன 40-க்கும் மேற்பட்ட பள்ளிகளைத் தற்காலிகமாக நூலகமாக மாற்றும் அறிவிப்பு வந்ததை டீச்சர் நினைவூட்டினார். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

குழுக் கூட்டம் பல பள்ளிகளில் வெள்ளிக்கிழமை பிற்பகலில் நடக்கிறது. நடவு நாளில் பெண்கள் கரையேறி, குளித்துச் சாப்பிடும் நேரம் அது. நேரத்தை மாற்றித் தரும்படி தலைமையாசிரியரிடம் எழுதிக் கேட்கலாம் என்று டீச்சர் சொன்னதை, பின் வரிசைப் பெண் பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லித் தாளில் எழுதி வாங்கிக்கொண்டார். சங்கத்தின் செயலாளர் அடுத்த பேச்சை மண்டபத்தில் இல்லாமல், அந்த 17 பிள்ளைகள் படிக்கும் பள்ளியிலேயே மாலை ஏழு மணிக்கு வைப்பதாகச் சொன்னார். மெக்கானிக் கேட்டது ஒரே கேள்விதான்: மோட்டார் எத்தனை எச்.பி.?

(பள்ளிக் கல்வி தொடர்பான சந்தேகங்களுக்குத் தமிழ்நாடு அரசின் கல்வி உதவி எண் 14417-ஐ அழைக்கலாம்.)