லினக்ஸ் எங்கேயும் போய்விடவில்லை

விண்டோஸை அப்டேட் செய்து முடித்து லேப்டாப்பை மறுபடி ஆன் செய்தால், எப்போதும் வரும் கறுப்புத் திரைப் பட்டியலைக் காணோம். விண்டோஸ் நேராகத் திறக்கிறது. லினக்ஸ் இருந்த தடமே தெரியவில்லை. சில கணினிகளில் விண்டோஸும் திறப்பதில்லை. 'கிரப் ரெஸ்க்யூ' என்று காட்டிவிட்டுத் திரை அப்படியே நிற்கிறது. புதுக்கோட்டை கீழராஜ வீதியானாலும் பொன்னமராவதியானாலும், சர்வீஸ் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால் முதலில் கிடைக்கும் யோசனை பெரும்பாலும் இதுதான்: "ஃபார்மட் அடிச்சு வேற ஓ.எஸ். போட்டுக்கலாம் தம்பி."

அதற்குத் தலையாட்டும் முன் ஒரு விஷயம். இப்படி நிற்கும் கணினிகளில் பெரும்பாலானவற்றில் எதுவும் அழிந்திருக்காது. இரண்டு இயங்குதளங்களும் கோப்புகளும் வட்டில் பத்திரமாக இருக்கும். அவற்றுக்குப் போகும் வழி மட்டும்தான் மாறியிருக்கும்.

வீட்டுக்கு வீடு இரட்டை இயங்குதளம்

ஒரே கணினியில் இரண்டு இயங்குதளம் என்பது பல ஊர்களில் கணினிப் பித்தர்களின் வேலை. தமிழ்நாட்டில் அது அரசு கொடுத்த லேப்டாப்போடு வீட்டுக்குள் வந்தது. விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் தொடங்கியது. எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்த அந்தக் கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் பதிந்து வந்தது. பாஸ் என்பது 'பாரத் ஆப்பரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ்' என்பதன் சுருக்கம். டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் அதை உருவாக்கியது. 2007-ல் முதல் பதிப்பு வெளியானது. பதினோராம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலிலும் விண்டோஸும் லினக்ஸும் ஒரே பாடத்தில் அடுத்தடுத்து வருகின்றன. கல்லூரி மாணவர்களுக்கு 2026 தொடக்கத்தில் வழங்கத் தொடங்கிய லேப்டாப்களிலும் விண்டோஸ் 11-க்குப் பக்கத்தில் பாஸ் இருக்கிறது.

இதற்கிடையே 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. பழைய கணினியைப் 11-க்கு உயர்த்த முயல்பவர்களும், முடியாமல் லினக்ஸ் பக்கம் வருபவர்களும் கூடிவிட்டார்கள். சிக்கல்களும் கூடிவிட்டன.

திரை ஒளிரும் முன்

திருமயத்தில் ஒரே பாறையில் சிவன் கோயிலும் பெருமாள் கோயிலும் அருகருகே குடையப்பட்டிருக்கின்றன. வருவாயைப் பங்கிடுவதில் இரு தரப்புக்கும் மூண்ட வழக்கை 1245-ல் ஹொய்சளத் தளபதி அப்பண்ணன் தீர்த்துவைத்ததைக் கல்வெட்டு சொல்கிறது. இரட்டை இயங்குதளக் கணினியும் அப்படித்தான்: பாறை ஒன்று, குடியிருப்பவர் இருவர். வழக்கு வருவது பொதுவாக இருக்கும் இடத்தில். கணினியில் அந்தப் பொது இடம் 'பூட்' பகுதி.

பழைய 'பயாஸ்' முறைக் கணினிகளில் இந்த இடம் மிகச் சிறியது. வட்டின் முதல் 512 பைட்டில் 446 பைட் மட்டுமே தொடக்க நிரலுக்கு. மீதியில் வட்டு எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்ற அட்டவணை. இத்தனை சிறிய இடத்தில் இருவர் எழுத முடியாது. லினக்ஸின் 'கிரப்' அங்கே உட்கார்ந்துகொண்டு, இரண்டு இயங்குதளங்களையும் பட்டியலிட்டுக் காட்டும். விண்டோஸை மறுபடி நிறுவும்போது அது கிரப்பைக் கேட்காமலே தன் நிரலை அதன்மேல் எழுதிவிடும்.

புதிய கணினிகளில் உள்ள 'யு.இ.எஃப்.ஐ.' முறையில் இந்த நெருக்கடி இல்லை. வட்டில் இதற்கென்றே ஒரு சிறு பகுதி இருக்கிறது. அதில் விண்டோஸுக்கு ஒரு ஃபோல்டர், லினக்ஸுக்கு ஒரு ஃபோல்டர். யாரை முதலில் எழுப்புவது என்ற வரிசை மதர்போர்டின் நினைவகத்தில் இருக்கும். இங்கே யாரும் யாரையும் அழிக்க வேண்டியதில்லை. வரிசையை மாற்றினாலே போதும்.

எங்கே நிற்கிறது என்று பாருங்கள்

கோளாறைக் கண்டுபிடிக்க, கணினி எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

நேராக விண்டோஸ் திறக்கிறதா? பெரிய விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு பூட் வரிசையில் விண்டோஸ் முதலிடத்துக்கு வந்திருக்கும். கணினியை ஆன் செய்தவுடன் டெல், லெனோவோ என்றால் எஃப்12, ஹெச்.பி. என்றால் எஃப்9 விசையைத் தட்டினால் பூட் பட்டியல் வரும். ஏசரிலும் எஃப்12தான், ஆனால் பல மாடல்களில் எஃப்2 அழுத்தி அமைப்புக்குள் போய் அந்த வசதியை முதலில் இயக்க வேண்டும். பட்டியலில் பாஸ், டெபியன், உபுண்டு என்று ஏதாவது ஒரு பெயர் தெரிந்தால் லினக்ஸ் நலமாக இருக்கிறது. வரிசையில் அதை மேலே கொண்டுவந்தால் வேலை முடிந்தது.

கிரப் வருகிறது, அதில் விண்டோஸைக் காணவில்லையா? இது லினக்ஸை மேம்படுத்தியவர்களுக்கு வரும் சிக்கல். 2021-ல் வெளியான கிரப் 2.06 முதல், பக்கத்தில் வேறு இயங்குதளம் இருக்கிறதா என்று தேடும் 'ஓ.எஸ். புரோபர்' என்ற நிரல் பாதுகாப்புக் காரணத்துக்காக இயல்பாகவே நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது. கிரப்பின் அமைப்புக் கோப்பில் அந்தத் தடையை நீக்கிவிட்டு, கிரப்பைப் புதுப்பிக்கும் கட்டளையைக் கொடுத்தால் விண்டோஸ் பட்டியலுக்குத் திரும்பிவிடும்.

'கிரப் ரெஸ்க்யூ' என்று நிற்கிறதா? கிரப்பின் முதல் துண்டு ஓடுகிறது. மீதிக் கோப்புகள் இருக்கும் பகுதியை அதனால் கண்டுபிடிக்க முடியவில்லை. விண்டோஸ் மேம்படும்போது மீட்புக்கென்று புதுப் பகுதியை உருவாக்கியதால் மற்றப் பகுதிகளின் எண்கள் மாறியிருக்கலாம். அல்லது, இடம் வேண்டுமென்று விண்டோஸுக்குள்ளிருந்தே லினக்ஸ் பகுதியை யாராவது நீக்கியிருக்கலாம். முதல் வகையில், லினக்ஸ் உள்ள பென் டிரைவிலிருந்து கணினியைத் திறந்து கிரப்பை மறுபடி நிறுவ வேண்டும். இரண்டாம் வகையில் லினக்ஸ் போய்விட்டது உண்மைதான். ஆனாலும் விண்டோஸும் அதில் உள்ள கோப்புகளும் அப்படியே இருக்கும். விண்டோஸின் தொடக்க நிரலைச் சரிசெய்தால் போதும், ஃபார்மட் தேவையில்லை.

லினக்ஸிலிருந்து விண்டோஸின் டி டிரைவைத் திறக்கலாம், எதையும் சேமிக்க முடியவில்லையா? விண்டோஸ் 8 முதல் உள்ள 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' வசதியில், ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக மூடுவதில்லை. பாதி உறக்கத்தில் இருக்கும். அந்த நிலையில் வட்டில் எழுதினால் தரவு சிதையும் என்பதால் லினக்ஸ் ஒதுங்கிக்கொள்கிறது. அந்த வசதியை நிறுத்திவிடுங்கள். பெரிய அப்டேட்டுக்குப் பிறகு அது மறுபடி இயங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

லினக்ஸிலிருந்து விண்டோஸுக்கு வந்தால் கடிகாரம் சரியாக ஐந்தரை மணி நேரம் பின்னால் ஓடுகிறதா? பேட்டரியை மாற்ற வேண்டாம். மதர்போர்டுக் கடிகாரத்தில் இருப்பது உலகப் பொதுநேரம் என்று லினக்ஸ் கொள்கிறது. இந்திய நேரம் என்று விண்டோஸ் கொள்கிறது. இரண்டில் ஒன்றின் வழக்கத்தை மாற்றினால் தீர்ந்தது.

உலகமே திகைத்த ஒரு செவ்வாய்

கடினமான வகை ஒன்று உண்டு. 2024 ஆகஸ்ட் 13 செவ்வாய்க்கிழமை மைக்ரோசாஃப்ட் தன் மாதாந்திரப் பாதுகாப்பு அப்டேட்டை வெளியிட்டது. பழைய கிரப் பதிப்புகளில் 2022-ல் தெரியவந்த ஓட்டையைப் பயன்படுத்தி யாரும் உள்ளே நுழையாதபடி, அப்படிப்பட்ட பதிப்புகளைக் கணினி ஏற்கக் கூடாது என்ற ஆணை அதில் இருந்தது. இரட்டை இயங்குதளக் கணினிகளுக்கு இது போகாது என்று நிறுவனம் சொல்லியிருந்தது. ஆனால் சில கணினிகளில் லினக்ஸ் இருப்பதை அப்டேட் கண்டுகொள்ளவில்லை. விளைவாக, உலகின் பல பகுதிகளில் உபுண்டு, மின்ட், டெபியன் வைத்திருந்தவர்களுக்குப் பாதுகாப்பு விதிமீறல் என்ற பிழைச் செய்தியோடு கணினி அணைந்தது. 2025 மே மாத அப்டேட்டில்தான் நிரந்தரத் தீர்வு வந்தது.

அதுவரை பலரும் கையாண்ட வழி: இந்தச் சோதனையைச் செய்யும் 'செக்யூர் பூட்' வசதியைத் தற்காலிகமாக நிறுத்துவது, லினக்ஸைத் திறந்து அந்த ஆணையை நீக்குவது, பிறகு செக்யூர் பூட்டை மறுபடி இயக்குவது. இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. விண்டோஸ் 11 பல கணினிகளில் வட்டைத் தானாகவே பூட்டிவைக்கிறது. செக்யூர் பூட்டைத் தொட்டால் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அது இல்லாவிட்டால் வட்டில் உள்ள எதையும் எடுக்க முடியாது. இந்த எண் வழக்கமாக உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும்; முன்கூட்டியே ஒரு தாளில் எழுதிவையுங்கள்.

செக்யூர் பூட் நம்பியிருக்கும் 2011-ஆம் ஆண்டுச் சான்றிதழ்களுக்கு 2026 ஜூன் முதல் காலக்கெடு முடிகிறது. அன்றே கணினி நின்றுவிடாது. ஆனால் 2023-ல் வந்த புதிய சான்றிதழ்கள் ஏறாத கணினியில் இனி வரும் பாதுகாப்புத் திருத்தங்கள் சேராமல் போகலாம். விண்டோஸ் அப்டேட்டையும் கணினி நிறுவனம் தரும் ஃபர்ம்வேர் அப்டேட்டையும் தள்ளிப்போடாதீர்கள்.

அப்டேட்டுக்கு முன்

முக்கியமான கோப்புகளை வெளி டிரைவில் நகலெடுங்கள். லினக்ஸ் உள்ள பென் டிரைவ் ஒன்றைத் தயாராக வைத்திருங்கள். பேட்டரி தளர்ந்த பழைய லேப்டாப் என்றால், கரண்ட் போய் வரும் நேரத்தில் அப்டேட்டைத் தொடங்காதீர்கள்; நடுவில் நின்றுபோன அப்டேட்தான் உண்மையிலேயே இயங்குதளத்தைக் குலைப்பது.

2011 வாக்கில் வந்த அரசு லேப்டாப் வீட்டில் இருந்தால் ஒன்றை நினைவில் வையுங்கள். விண்டோஸ் 11 கேட்கும் டி.பி.எம். 2.0 சில்லு அவற்றில் இல்லை. விண்டோஸுக்கு இனித் திருத்தங்களும் வராது. இடத்தை அடைக்கிறது என்று பலர் நீக்கச் சொல்லும் லினக்ஸ்தான், புதிய பதிப்பு போட்டுக்கொண்டால், அந்தக் கணினியை இன்னும் சில ஆண்டுகள் பாதுகாப்பாக ஓட்டும். அதனால் கடைக்காரர் ஃபார்மட் என்றால், "அண்ணே, முதல்ல பூட் வரிசையைப் பாருங்க" என்று கேளுங்கள். ஃபார்மட் கடைசி மருந்து. முதல் மருந்து அல்ல.