முகத்துவாரமும் முன்னறிவிப்பும்

சென்னைக்கு வடக்கே, தமிழகத்திலும் ஆந்திர நாட்டிலுமாகப் பரந்து கிடக்கும் பழவேற்காட்டு ஏரி, இந்தியாவின் உவர்நீர் ஏரிகளுள் சிலிகாவிற்கு அடுத்த பெரிய ஏரியாம். 1613-இல் ஒல்லாந்தர் கெல்திரியாக் கோட்டையை எழுப்பியது இதன் கரையிலேதான். ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் இடையே ஸ்ரீஹரிகோட்டாத் தீவு அணைபோற் கிடக்கின்றது. அத்தீவின் தென்புறத்தே ஏரிநீரும் கடல்நீரும் கலக்கும் வாயிலை முகத்துவாரம் என்பர். காலநிலை மாறிவரும் இந்நாளில் இக்கரையூர்களைக் காக்க வல்லது யாதென வினவின், கைப்பேசியே எனச் சிலர் விடை கூறுவர். அவ்விடையிற் பாதி உண்மை உண்டு.

அதற்குச் சான்று பழவேற்காட்டில் அன்று, புதுவையை அடுத்த நல்லவாட்டிற் கிடைக்கின்றது. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் அவ்வூரில் ஓர் அறிவு மையமும் ஒலிபெருக்கியும் அமைத்திருந்தனர். 2004 டிசம்பர் 26-ஆம் நாள், சிங்கப்பூரிலிருந்த அவ்வூர் இளைஞர் ஒருவர் நிலநடுக்கச் செய்தி கண்டு தொலைபேசியில் எச்சரித்தார், ஒலிபெருக்கி முழங்கிற்று, மக்கள் கரையை விட்டகன்று உயிர் பிழைத்தனர். தொலைவிலிருந்து வந்த சொல்லும், அதனை ஊர்முழுதும் பரப்பும் கருவியும் ஒருங்கு இருந்தமையாலன்றோ அது பயன்பட்டது?

கரையினின்று சில கல் தொலைவு சென்றதும் கைப்பேசி ஊமையாகிவிடும். அக்குறை நீங்கவே, ஐதராபாத்திலுள்ள கடல் தகவல் நிலையத்தின் எச்சரிக்கைகளைச் செயற்கைக்கோள் வழியே நடுக்கடலிலும் பெறத்தரும் 'ஜெமினி' என்னும் கருவி 2019-இல் வெளிவந்தது. ஆயின் அது கேட்கும், பேசாது. படகிலிருந்து மறுமொழியும் அனுப்பத்தக்க வேறொரு கருவி ஜிசாட்-6 என்னும் கோளின் துணையால் இயங்குகின்றது. அக்கோள் 2015-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்தே விண்ணேறியது. கோள் ஏவும் நாட்களிற் பழவேற்காட்டு மீனவர் கடலுக்குச் செல்லலாகாது என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

நிற்க. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது முன்னறிவிப்பிற்குக் குறைவில்லை. உயிரைக் காக்க அது போதும். பிழைப்பைக் காக்கப் போதுமோ? ஏரியின் ஆழம் பெரும்பாலும் ஓராள் உயரத்திற்கும் குறைவே. அலையும் நீரோட்டமும் கொணரும் மணல் முகத்துவாரத்தைத் தூர்த்துவிடின், கோடையில் நீர் வற்றி உவர்ப்பு மிகும். மாரியில் ஆரணியாறும் காளங்கியாறும் கொணரும் வெள்ளம் வடிய வழியின்றித் தேங்கும். இறாற்குஞ்சு கடலினின்று உள்ளே வாராது. படகும் வெளியே செல்லாது. இடுப்பளவு நீரிற் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் மகளிர்க்கு எந்தச் செயற்கைக்கோள் உதவும்?

பசிபிக் கடலிலுள்ள துவாலு என்னும் தாழ்நிலத் தீவு நாடு, கடல் தன்னை விழுங்கினும் தன் நினைவு அழியாதிருக்கத் தன் நிலத்தின் படியை மின்னணு முறையிற் காத்துவைக்கப் போவதாக 2022-இல் அறிவித்தது. நிலம் போனபின் படி எதற்கு என நகைப்பாரும் உளர், யான் நகையேன். எனினும் பழவேற்காட்டார் அந்நிலைக்கு இன்னும் வந்திலர். அவர்க்கு வேண்டுவது திறந்த வாயில். அதனை நிலையாகத் திறந்து வைக்கக் கற்சுவர் அமைக்கும் திட்டத்தை அரசினர் மேற்கொண்டுள்ளனர்.

கோட்டைக்குப்பம் முதலிய ஊர்களில் 'பாடு' என்றொரு பழைய முறை உண்டு. ஏரியின் மீன்பிடி இடங்களை உரிமையுடைய தலைக்கட்டுகள் முறைவைத்துப் பகிர்ந்துகொள்வர். நல்ல இடம் ஒருவர்க்கே என்றும் உரியதன்று. முகத்துவாரத்தை அடுத்த பாடுகளிலேதான் இறால் மிகுதி. மணல் அடைத்த ஆண்டில் அவ்விடத்து முறை வந்தவன், வலையைச் சுருட்டிக்கொண்டு அடுத்த முறைக்குக் காத்திருப்பான்.