நிறம் மாறும் திரைகள். நிலைக்க வேண்டிய கண்ணியம்

ரமளான் பிறை இருபதைத் தாண்டியதும் சுவருக்கு வெள்ளையடிப்பதும், வாசலுக்கும் சன்னலுக்கும் புதுத்திரை வாங்குவதும் நம் இல்லங்களின் வழக்கமாகிவிட்டது. சென்ற பெருநாளுக்கு அழகாயிருந்த நிறம் இந்தப் பெருநாளுக்குப் பழையதாகிவிடுகிறது. கதவு நிலையில் தொங்கும் இந்தத் துணிக்கும் ஒரு வரலாறு உண்டு. அதனினும் மேலாக ஒரு நோக்கமும் உண்டு.

மார்க்கத்தில் திரை

பிறர் இல்லத்தில் அனுமதி பெற்று, ஸலாம் உரைத்த பின்னரே நுழைய வேண்டும் என்பது அந்நூர் அத்தியாயம் கற்பிக்கும் ஒழுக்கம். அந்நாளில் வாசல்களில் திரைகள் இல்லாமையால், பெருமானார் (ஸல்) அவர்கள் எவர் இல்லம் சென்றாலும் வாசலுக்கு நேரே நில்லாமல் வலப்புறமோ இடப்புறமோ ஒதுங்கி நிற்பார்கள் என அபூதாவூதில் காண்கிறோம். உள்ளிருப்போரின் கண்ணியம் காப்பதே திரையின் முதற்பணி என்பது இதனால் விளங்கும்.

அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் தொங்கவிட்டிருந்த உருவத்திரையை நபிகளார் விரும்பாதபோது, அன்னையார் அதனை வெட்டித் தலையணைக்கு உறையாக்கிக்கொண்டார்கள். அருமை மகளார் ஃபாத்திமா (ரலி) அவர்களின் வாசலில் வேலைப்பாடமைந்த திரையைக் கண்டு உள்ளே நுழையாது திரும்பிய நபிகளார், அதனைத் தேவையுள்ள ஒரு குடும்பத்தாருக்கு அனுப்பிவிடப் பணித்தார்கள். இரு நிகழ்ச்சிகளிலும் துணி வீணாகவில்லை என்பது சிந்திக்கத்தக்கது.

நிறத்தின்மீது மார்க்கத்திற்குப் பகையில்லை. புனித கஅபாவின் போர்வையே வெண்மை, செம்மை, பச்சை எனப் பல நிறங்களைக் கண்டு, அப்பாஸிய கலீஃபா அந்நாஸிர் காலத்தில் கருமையைப் பெற்றது.

உலகை மயக்கிய நம் கரை

வண்ணத்திரைக் கலையில் நம் நாடு உலகிற்கே ஆசானாக விளங்கியது. 17ஆம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையில் கையால் வரையப்பட்ட பூந்துணிகள், ஐரோப்பியச் செல்வர்களின் கட்டில் திரைகளாகவும் சுவர்த்திரைகளாகவும் தொங்கின. சாயவேர் தந்த சிவப்பும் அவுரி தந்த நீலமும் எத்தனை முறை துவைத்தாலும் துணியை விட்டு அகலவில்லை. சிவந்த நிலத்தில் பூவேலை செய்வது இங்குள்ள மரபு. வெண்ணிலம் மிகுதியாக வேண்டுமென்று 1643இல் கிழக்கிந்தியக் கம்பெனியார் எழுதியனுப்பினர். இத்துணிகளின் பெருக்கத்தால் தம் நெசவாளர் நலிவதைக் கண்டு பிரான்ஸ் 1686இல் அவற்றுக்குத் தடை விதித்தது. இங்கிலாந்தின் 1721ஆம் ஆண்டுச் சட்டமோ, அச்சிட்ட பருத்தித் துணியை உடுத்துவதோடு வீட்டு அலங்காரத்திற்குப் பயன்படுத்துவதையும் தடுத்தது.

1856இல் வில்லியம் பெர்க்கின் லண்டனில் செயற்கைச் சாயத்தைக் கண்டுபிடித்தார். அதன் பின்னர் நிறம் மலிவாயிற்று. பல நாள் உழைப்பில் பிறந்த வண்ணம் ஆலையில் நொடியில் பிறந்தது. பத்தாண்டுக்கொரு முறை பாணி மாறுவதற்கு வழி திறந்தது அப்போதுதான்.

நம் வாசல்களில்

1950, 60களில் நம் வட்டாரத்து வாசல்களில் பெரும்பாலும் கைத்தறிக் கட்டமும் கோடுமே தொங்கின. இரு ஆணிகளுக்கிடையே இழுத்துக் கட்டிய சுருள்கம்பியே போதுமானதாயிருந்தது. சித்தையன்கோட்டைக்கு அருகிலுள்ள சின்னாளப்பட்டி கைத்தறிச் சேலைக்குப் பெயர் பெற்ற ஊர். நைந்த சேலை சன்னல் திரையாகி, பின்னர்க் குழந்தைக்குத் தூளியாவது சிக்கனமறிந்த தாய்மாரின் வழக்கம்.

1970களில் ஆலைத்துணியின் பெரிய பூக்கள் வந்தன. ஆரஞ்சும் காப்பிப்பொடி நிறமும் கிளிப்பச்சையும் கண்ணைப் பறித்தன. 1980, 90களில் அரபு நாடுகளுக்குப் பிழைக்கச் சென்றோர் வழியே கருஞ்சிவப்பு வெல்வெட்டும் பொன்னிறக் குஞ்சமும் வலைத்துணியும் வந்து சேர்ந்தன. திரை அப்போது ‘வெளிநாட்டு வீடு’ என்பதன் அடையாளமாயிற்று. 2000க்குப் பின்னர் எஃகுக்குழாயில் வளையம் கோத்த பாலியஸ்டர் திரைகள் பரவின. நிறங்களும் சந்தனம், சாம்பல் என அடங்கின. நமக்கு அண்மையிலுள்ள கரூரிலிருந்து பருத்தித் திரைகள் கப்பலேறி அயல்நாட்டுச் சன்னல்களை அலங்கரிக்க, நாமோ பாலியஸ்டரைத் தேடுகிறோம்.

எதற்காகத் தொங்கவிடுகிறோம்?

சகோதரிகளே! வலைத்திரை பகலில் வெளியார் பார்வையைத் தடுக்கும். இரவில் உள்ளே விளக்கெரிந்தால் அதே திரை வீட்டையெல்லாம் வெளிக்குக் காட்டிவிடும். விலையுயர்ந்த திரை தொங்கியும் மறைப்பு இல்லையெனில் அதனால் என்ன பயன்? அழுத்தமாக நெய்த பருத்தித்துணி மலிவானதாயினும் அப்பணியைச் செம்மையாகச் செய்யும்.

நாம் சலித்துக் கழற்றும் திரை மற்றொரு வீட்டில் அவசியப் பொருளாகலாம். ஒரே அறையில் சமைத்து, உண்டு, உறங்கி, உடைமாற்றும் குடும்பங்கள் நம் தெருக்களிலேயே உண்டு. வளர்ந்த பெண்மக்கள் உள்ள அவ்வீடுகளில் திரை என்பது மானம் காக்கும் அரண். கிழியாத பழைய திரையை வெளுத்து, மடித்து, கொடுப்பவர் பெயர் வெளிப்படாமல் அவ்வீட்டில் சேர்ப்பித்தால், ஃபாத்திமா (ரலி) அவர்களின் இல்லத்துத் திரை சென்ற வழியிலேயே அதுவும் செல்லும்.

இந்தப் பெருநாளுக்குப் புதுநிறம் தேடிக் கடைக்குச் செல்லுமுன், திரையில்லாத வாசல் நம் தெருவில் எது என எண்ணிப் பார்ப்போம். வல்ல இறைவன் அந்நற்சிந்தனையை நம் அனைவருக்கும் அருள்வானாக!