ராமேஸ்வரம் போறீங்களா? முதலில் பாட்டியின் பாதத்தைப் பாருங்கள்!

பரீட்சை முடிந்தாச்சு. 'கடலைப் பார்க்கணும்' என்று பிள்ளைகள் ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். பாட்டிக்கோ 22 தீர்த்தம் ஆடிவிட வேண்டும் என்று நெடுநாள் ஆசை. இரண்டுக்கும் பொருத்தமான ஊர் ராமேஸ்வரம்தான். வடமதுரையிலிருந்து மதுரை, பரமக்குடி, ராமநாதபுரம் வழியாக ஏறக்குறைய 250 கிலோமீட்டர். ரயிலில் போகிறவர்கள் மதுரையில் மாறிக்கொள்ளலாம். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்தையும் பிள்ளைகள் பார்த்த மாதிரி ஆகும்.

டிக்கெட், லாட்ஜ் எல்லாம் நீங்களே பார்த்துக்கொள்வீர்கள். வீட்டில் சர்க்கரை நோயாளி யாராவது இருந்தால், நாங்கள் சொல்வதையும் கொஞ்சம் கேளுங்கள்.

சுடுகிறது... ஆனால் தெரியவில்லை!

பல வருடமாகச் சர்க்கரை இருப்பவர்களுக்குப் பாதத்து நரம்புகள் மெல்ல மெல்ல மரத்துப்போகும். உங்கள் கால் சுட்டால் 'ஆ' என்று துள்ளிக் குதிப்பீர்கள். அவர்களோ கொதிக்கிற கல்தரையிலும் மணலிலும் நிதானமாக நடந்து போவார்கள். 'பாட்டிக்கு என்ன பக்தி!' என்று நாம் மெச்சிக்கொண்டிருப்போம். ராத்திரி பார்த்தால் உள்ளங்காலில் கொப்புளம். சர்க்கரை உடம்பில் புண் சீக்கிரம் ஆறாது. சீழ் பிடித்து விரலையோ காலையோ எடுக்கும்படி ஆனவர்கள் உண்டு.

அதனால் வெறுங்காலோடு நடக்க வேண்டியதையெல்லாம் வெயில் ஏறுமுன் முடித்துவிடுங்கள். அக்னி தீர்த்தக் கடலில் விடியற்காலையில் குளியல், அடுத்து கோயில் தீர்த்தங்கள். கிணறு கிணறாக வாளியில் மொண்டு ஊற்றுவார்கள். தரை முழுக்க ஈரம். வழுக்கும், ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டே போகட்டும். கடற்கரையில் பின்பட்டி வைத்த செருப்பு அவசியம். ராத்திரி படுக்கும்முன் பேரனை விட்டு இரண்டு பாதத்தையும், விரல் இடுக்கு உட்படப் பார்க்கச் சொல்லுங்கள். கொப்புளம் இருந்தால் உடைக்காதீர்கள். மஞ்சள், பற்பசை, இங்க் எதுவும் வேண்டாம். சுத்தமான நீரில் கழுவி, சுத்தத் துணியால் மூடி டாக்டரிடம் காட்டுங்கள். ஊருக்குப் போய்ப் பார்த்துக்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

இன்னொரு விஷயம். 'தரிசனம் முடிகிறவரை பச்சைத் தண்ணி பல்லில் படக்கூடாது' என்று விரதம் இருப்பார்கள். மாத்திரையையோ ஊசியையோ மட்டும் வழக்கம்போலப் போட்டுக்கொள்வார்கள். வெறும் வயிற்றில் சர்க்கரை சரேலென்று இறங்கிவிடும். கை நடுக்கம், படபடப்பு, வியர்வை, பேச்சுக் குழறல் எல்லாம் அதன் அடையாளம். தீர்த்தமாடி நனைந்து நிற்பவருக்கு வியர்ப்பது எப்படித் தெரியும்? பையில் குளுக்கோஸோ சர்க்கரையோ இருக்கட்டும். நினைவோடு இருந்தால் உடனே கொடுங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள். காலை மருந்தை எப்படி மாற்றுவது என்று கிளம்புமுன் உங்கள் டாக்டரிடமே கேட்டுவிடுவது உத்தமம்.

இன்சுலினை வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவிடாதீர்கள். குளிர்ச்சி வேண்டும் என்று ஐஸ் கட்டியோடு ஒட்டியும் வைக்கக்கூடாது, உறைந்தால் வீண்தான்.

தீவுக்குப் போகலாமா?

மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. நினைத்த தீவில் இறங்க முடியாது. குருசடைத் தீவுக்கு வனத்துறையே படகில் கூட்டிப்போகிறது. காற்று பலமாக இருந்தால் அதுவும் கிடையாது, முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். படகில் குமட்டுபவர்கள் நடுவில் உட்கார்ந்து தொடுவானத்தைப் பார்க்கட்டும். குமட்டல் மாத்திரையைப் படகு ஆடத் தொடங்கிய பிறகு விழுங்கிப் பலனில்லை. டாக்டரைக் கேட்டு, ஏறுமுன்பே போட வேண்டும். பவளப்பாறையைத் தொடாதீர்கள், கீறினால் புண் ஆற நாளாகும்.

தனுஷ்கோடியை, 1964 டிசம்பர் புயல் அழித்த அந்த ஊரை, பிள்ளைகள் கட்டாயம் பார்க்கட்டும். ஆனால் நிழலே கிடையாது. தண்ணீரும் குடையும் நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும். அரிச்சல்முனையில் கடலில் இறங்க விடாதீர்கள், இழுப்பு அதிகம்.

மே மாதம் போகிற அசைவப் பிரியர்களுக்கு ஒரு வார்த்தை: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் போகாது. ஓட்டலில் 'இப்போ பிடிச்ச மீன் சார்' என்றால், நாட்டுப்படகில் வந்ததா, ஐஸ் பெட்டியில் வந்ததா என்று கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்!