சாச்சியின் கேள்வியும் கடற்பாசித் தட்டும்

நோன்பு காலத்தில் எங்கள் வீட்டில் கடற்பாசி காய்ச்சுவது சாச்சியின் பொறுப்பு. காய்ச்சி, பாலும் சீனியும் சேர்த்துத் தட்டில் ஊற்றி வைத்தால் அஸர் தொழுதுவிட்டு வருவதற்குள் உறைந்திருக்கும். போன நோன்பில் தட்டை என் முன்னால் வைத்துவிட்டுக் கேட்டார்: "மகன், எனக்கு முதல்ல குடுத்த மருந்துக்குக் கட்டி கேக்கல்ல. முடி கொட்டினதும் சத்தி எடுத்ததும்தான் மிச்சம். மருந்த மாத்தின பொறகுதான் சுருங்கிச்சு. எந்த மருந்துக்குக் கேக்கும் எண்டு முன்னுக்கே பார்த்துக் குடுக்க ஏலாதா?"

சாச்சிக்கு மார்புப் புற்றுநோய். நான் தமிழ் படித்தவன். விஞ்ஞானம் சாதாரண தரப் பரீட்சையோடு விடைபெற்றுக்கொண்டது. ஆனாலும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. பாடசாலையில் விஞ்ஞானம் கற்பிக்கும் நண்பரிடம் கேட்டேன், கிடைத்ததை வாசித்தேன். விடையின் ஒரு நுனி அந்தக் கடற்பாசித் தட்டுக்குள்ளேயே இருந்தது.

கடற்பாசி ஓர் ஐதரோஜெல். நீண்ட சங்கிலி போன்ற மூலக்கூறுகள் வலையாகப் பின்னி, தம் எடையிலும் பன்மடங்கு நீரைப் பிடித்து வைத்திருக்கும் பொருளுக்கு அந்தப் பெயர். நமது உடம்பில் கலங்களைச் சூழ்ந்திருக்கும் கொலாஜன் முதலிய புரதங்களின் வலையும் இப்படி நீரில் ஊறியதுதான்.

கடற்பாசி ஆய்வுகூடத்துக்குப் போனதே சமையலறை வழியாகத்தான். 1881இல் ஜேர்மனியில், பக்டீரியா வளர்த்த ஜெலட்டின் சூட்டில் உருகிப்போகிறதே என்று அலுத்துக்கொண்ட கணவருக்கு, தாம் ஜெலி செய்யும் அகாரை எடுத்துப் பார்க்கச் சொன்னவர் ஃபனி ஹெஸ்ஸே என்ற பெண்மணி. அகார் என்பது நம் கடற்பாசிதான். 1964இல் மக்பர்சன், மொன்தாஞே என்ற இருவர் அதையே புற்றுநோய் ஆய்வுக்குப் பயன்படுத்தினார்கள். சாதாரண கலம் பிடித்துக்கொள்ள ஒரு தளம் இல்லாவிட்டால் பெருகாது. வைரசினால் புற்றுக்கலமாக மாறியதோ மென்மையான அகாருக்குள் தொங்கிக்கொண்டே பெருகியது.

ஆனால் பெரும்பாலான ஆய்வுகளில் கலங்கள் வளர்ந்தது தட்டையான பிளாஸ்டிக் கிண்ணத்தின் அடியில். உடம்புக்குள் எந்தக் கட்டியும் பாய் விரித்தாற்போல் வளர்வதில்லை. பிளாஸ்டிக்கின் விறைப்போ மார்பின் இழையத்தைவிட இலட்சக்கணக்கான மடங்கு அதிகம். கிண்ணத்தில் புற்றுக்கலத்தைக் கொன்ற மருந்து நோயாளியிடம் தோற்றுப்போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சூழல் இவ்வளவு முக்கியமா? தெஹ்ரானில் பிறந்து அமெரிக்காவில் ஆய்வு செய்த மினா பிஸ்ஸெல் அதைத்தான் பல காலம் சொல்லி வந்தார். 1997இல் அவருடைய குழுவினர் மார்புப் புற்றுக்கலங்களை ஒரு ஜெலுக்குள் வளர்த்து, சூழலைப் பற்றிக்கொள்ள அவை பயன்படுத்தும் ஒரு புரதத்தைப் பிறபொருளெதிரியால் தடுத்தனர். தாறுமாறாகக் குவிந்துகொண்டிருந்த கலங்கள், ஆரோக்கியமான மார்பில் இருப்பதைப்போல ஒழுங்கான சிறு உருண்டைகளாக அமைந்தன. பரம்பரையலகுகளில் இருந்த கோளாறு அப்படியே இருக்க, நடத்தை மாத்திரம் மாறியது.

இத்தகைய ஆய்வுகளில் பெரிதும் பயன்படுவது மெட்ரிஜெல். சுண்டெலியின் ஒருவகைக் கட்டியிலிருந்து அதை எடுக்கிறார்கள். குளிரில் திரவமாக இருந்து உடற்சூட்டில் உறையும். குறை என்னவென்றால், அதில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட புரதங்கள் கலந்திருக்கின்றன; ஒரு முறை வாங்கியதுபோல மறுமுறை இராது. கலம் எதனால் மாறியது என்று பிரித்தறிவது கஷ்டம்.

அதனால்தான் ஆய்வாளர்கள் ஐதரோஜெலைத் தாமே வடிவமைக்கத் தொடங்கினார்கள். பொலி எதிலீன் கிளைக்கோல் என்ற பல்பகுதியத்தைக் கலம் கண்டுகொள்வதில்லை. அது வெறும் வலை. அதிலே கலம் பற்றிக்கொள்ளச் சிறு புரதத் துண்டுகளைக் கொளுவுகிறார்கள். கலம் சுரக்கும் நொதியங்களால் அறுக்கக்கூடிய முடிச்சுகளையும் வைக்கிறார்கள். புற்றுக்கலம் அவற்றை அறுத்துக்கொண்டு நகர்வதை நுணுக்குக்காட்டியில் பார்க்கலாம். கபிலநிறப் பாசியிலிருந்து பெறும் அல்ஜினேற்று இன்னொரு வகை. கல்சியம் சேர்த்தால் இறுகும். சாச்சி பாசியைக் கூட்டிக் குறைப்பதுபோல இங்கும் விறைப்பைக் கூட்டிக் குறைக்கலாம். ஒன்றை மாத்திரம் மாற்றி, மற்றதையெல்லாம் அப்படியே வைக்கலாம்.

அப்படிப் பார்த்ததில் தெரிய வந்தவற்றுள் ஒன்று விறைப்பின் பங்கு. 2005இல் வலரி வீவரின் குழு வெளியிட்ட அளவுகளின்படி, சுண்டெலியின் சாதாரண மார்பிழையத்தின் விறைப்பு ஏறத்தாழ 170 பஸ்கால். கட்டியினுடையது ஏறத்தாழ 4,000 பஸ்கால். மென்மையான ஜெலில் ஒழுங்காக அமைந்த சாதாரண கலங்கள், விறைத்த ஜெலில் ஒழுங்கு குலைந்து பெருகின. கட்டியினால் இழையம் விறைக்கிறது. விறைத்த இழையம் கட்டியை மேலும் தூண்டுகிறது.

இனிச் சாச்சியின் கேள்வி. நோயாளியின் கட்டியிலிருந்து சிறு துண்டெடுத்து, அதன் கலங்களை ஜெலுக்குள் வளர்த்து, மருந்துகளை முதலில் அங்கே பரீட்சிக்கலாம். 2018இல் லண்டன் ஆய்வாளர்கள், பரவிவிட்ட சமிபாட்டுத் தொகுதிப் புற்றுநோய் உள்ள சிலரிடம் இதை ஒப்பிட்டார்கள். மருந்து வேலை செய்யாது என்று கிண்ணம் சொன்ன ஒவ்வொரு தடவையும் நோயாளியிடமும் அது வேலை செய்யவில்லை. வேலை செய்யும் என்று சொன்னது 100க்கு 88 சரிவந்தது.

ஆனால் அது சிறிய ஆய்வு. எல்லாருடைய கட்டியும் ஜெலுக்குள் வளர்வதில்லை. வளர்ந்தாலும் வாரக்கணக்கில் எடுக்கும். இரத்தக்குழாயும் நிர்ப்பீடனக் கலங்களும் அங்கே இயல்பாக இருப்பதில்லை. சாதாரண வைத்தியசாலையில் இதை எதிர்பார்க்கும் காலம் இன்னும் வரவில்லை.

இதையெல்லாம் சாச்சியிடம் சொன்னேன். விறைப்பைப் பற்றிச் சொல்லும்போது இடைமறித்தார். "அது எனக்குத் தெரியும் மகன். கையில தட்டுப்பட்டா கல்லு மாதிரி ஈந்திச்சு. வெக்கத்தில எட்டு மாசம் யாருக்கும் சொல்லல்ல."

கிண்ணத்தில் ஆய்வாளர் அளக்கும் அந்த விறைப்பைச் சாச்சியின் விரல் எட்டு மாதம் முன்னரே அறிந்திருந்தது. இப்போது பெண்கள் கூடும் இடங்களில் அவர் அதை வெட்கப்படாமல் சொல்கிறார். ஜெல் நமது ஊருக்கு வந்து சேரும்வரை, அந்தப் பேச்சைக் கேட்டு ஒருத்தியாவது நேரத்தோடு வைத்தியரிடம் போனால் அது பெரிய காரியம்.